மூன்று மாதக் கெடு: நீலகிரி ஆவண எழுத்தர்களுக்கும் வீட்டுத் தரகர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஐயா, அம்மா, வணக்கம்.

கோத்தகிரிப் பக்கம் அண்மையில் ஒரு வீட்டு விற்பனை முறிந்துபோனது உங்களில் பலருக்குத் தெரியும். விற்க முன்வந்தவர்கள் வயதானவர்கள். குளிர் ஒத்துக்கொள்ளாமல் மேட்டுப்பாளையத்தில் ஒரு சின்ன வீட்டைப் பேசி முடித்தார்கள். இங்கே வாங்கிய ஐந்து லட்சம் முன்பணத்தை அப்படியே அங்கே முன்பணமாகக் கொடுத்தார்கள். மேலேயும் மூன்று மாதக் கெடு, கீழேயும் மூன்று மாதக் கெடு. வாங்குபவருக்குக் கடன் கொடுக்கும் வங்கியின் பொறியாளர் டேப் பிடித்து அளந்தார். அனுமதி வரைபடத்தில் 1,100 சதுர அடி, தரையில் 1,480. வராந்தாவை அடைத்து ஓர் அறை, பின்பக்கம் தகரம் போட்ட சமையல்கட்டு. கடன் நின்றது, கெடு தாண்டியது, கீழே கொடுத்த ஐந்து லட்சம் போனது. வாங்க வந்தவரோ, “என் பணம் வந்தால்தான் ரத்துப் பத்திரத்தில் கையெழுத்து” என்கிறார். அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனால் பதிவான ஒப்பந்தம், சொத்தின் மேல் உள்ள பதிவுகளைக் காட்டும் வில்லங்கச் சான்றில் நிற்கிறது. அதைப் பார்த்ததும் அடுத்து வருகிறவர் திரும்பிப் போகிறார். வேறு ஆளுக்கு விற்றால்தான் பணம் திரும்பும், பணம் திரும்பினால்தான் வேறு ஆளுக்கு விற்க முடியும்.

இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. எழுதவேண்டிய நான்கு வரிகள் எழுதப்படவில்லை, அவ்வளவுதான். சமவெளி மனைக்கு யாரோ எப்போதோ தயாரித்த படிவத்தில் பெயரும் சர்வே எண்ணும் மாற்றி அச்செடுக்கிறீர்கள். அது மலை வீட்டுக்குப் பொருந்தாது என்று உங்களுக்கே தெரியும்.

என் கோரிக்கை ஒன்றுதான். கெடு எந்த நாளில் தொடங்குகிறது, எந்த நிபந்தனை எந்தத் தேதிக்குள் முடியவேண்டும், முடியாவிட்டால் முன்பணம் எத்தனை நாளில் திரும்பும் என்பதை எழுதாமல், முன்பணம் வாங்கிக்கொண்டு எழுதும் கிரய (விற்பனை) ஒப்பந்தம் ஒன்றும் உங்கள் கையிலிருந்து பதிவுக்குப் போகக் கூடாது.

2012 டிசம்பர் 1 முதல் தமிழ்நாட்டில் கிரய ஒப்பந்தத்தைப் பதிவது கட்டாயம். முன்பணத்தில் ஒரு சதவீதம் பதிவுக் கட்டணமும் கட்டுகிறோம். அப்படிப் பதிகிற தாளில் “மூன்று மாதத்துக்குள்” என்ற ஒரே சொல்லை வைத்துவிட்டு எழுந்துவிடுகிறீர்கள். அசையாச் சொத்தில் காலக்கெடு பொதுவாக ஒப்பந்தத்தின் உயிர் ஆகாது, அதாவது தேதி தாண்டியதாலேயே ஒப்பந்தம் முறிந்துவிடாது என்று ஒரு வழக்கறிஞர் சொல்வார். மதுரை வீடு ஒன்றின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1997இல் சொன்னதைக் காட்டி, கெடுவை அலட்சியம் செய்ய முடியாது என்று எதிர்த் தரப்பு வழக்கறிஞர் சொல்வார். கிரயம் செய்து தரச் சொல்லி வாங்குபவர் வழக்குப் போட, குறித்த தேதியிலிருந்து மூன்று ஆண்டு அவகாசம் உண்டு. அந்த மூன்று ஆண்டும் வீடு பூட்டிக் கிடக்கும். பூட்டிக் கிடக்கும் மலை வீட்டை இரண்டு மழைக்காலம் என்ன செய்யும் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

சித்திரையில் ஒப்பந்தம் போட்டு மூன்று மாதம் என்று எழுதினால் கெடு ஆடியில் விழும். புரட்டாசியில் போட்டால் மார்கழியில் விழும். இரண்டு மாதத்திலும் பெரும்பாலானவர்கள் கிரயம் செய்ய வரமாட்டார்கள். கூடலூர், பந்தலூரில் ஆடி என்றால் அடைமழை வேறு. குன்னூர், கோத்தகிரியில் ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்தால் நில அளவையர் சங்கிலி போட முடியாது. காலண்டரைப் புரட்டிப் பார்த்துத் தேதி போடுங்கள் என்று கேட்பது பெரிய உதவி இல்லையே.

என் கணக்கு இது. முதல் 30 நாளில் விற்பவர் மூலப்பத்திரம், 30 ஆண்டு வில்லங்கச் சான்று, பட்டா அல்லது நகர நில அளவைப் பதிவேட்டு நகல், புலப்படம் (நில அளவை வரைபடம்), கட்டட அனுமதி வரைபடம் எல்லாவற்றையும் கொடுத்துக் கையெழுத்து வாங்கவேண்டும். அந்த நாளிலிருந்து 45 நாளில் வாங்குபவர் வங்கியின் ஒப்புதல் கடிதத்தைக் காட்டவேண்டும். அது வந்த 21 நாளில் கிரயம். எது இழுத்தாலும் 180ஆம் நாள் கடைசி, அதையும் ஆண்டு, மாதம், தேதியாகவே எழுதவேண்டும். “கடன் கிடைத்ததும்” என்று மட்டும் எழுதினால் தேதி குறிக்காத ஒப்பந்தம் ஆகிவிடும். அப்போது மூன்று ஆண்டு என்பது ஒருவர் மறுத்ததாக மற்றவருக்குத் தெரிந்த நாளிலிருந்துதான் ஓடத் தொடங்கும்.

கடன் நிபந்தனையையும் மொட்டையாக எழுதாதீர்கள். எந்த வங்கி, எவ்வளவு தொகை, மறுத்தால் மறுப்புக் கடிதம் எத்தனை நாளில் கைக்கு வரவேண்டும் என்று இருக்கட்டும். இல்லையென்றால் மனம் மாறியவரும் “லோன் கிடைக்கவில்லை” என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். முன்பணம் வாங்கும் முன்பே வரைபடத்தை வைத்து வீட்டை அளந்துவிடுவது எல்லாவற்றிலும் நல்லது. உயரத்தையும் சேர்த்து அளக்கவேண்டும். நம் மலையில் 7 மீட்டர் வரம்பைத் தாண்டிய கட்டடத்தை எந்த வங்கி வக்கீலும் விடமாட்டார்.

மலைக்கென்றே சில நிபந்தனைகள் உண்டு. தனியார் காடு என்று அறிவிக்கப்பட்ட நிலமாக இருந்தால், 1949ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்டக் குழுவின் முன் அனுமதி இல்லாமல் விற்க முடியாது. கெடு அந்த அனுமதி கைக்கு வந்த நாளில் தொடங்கவேண்டும். கூடலூர் ஜென்ம நிலத்தில் (பழைய ஜமீன் போன்ற ஜென்மிகளின் நிலம்), ஜென்ம ஒழிப்புச் சட்டத்தின் பிரிவு 17இல் உரிமை தீராமல் இருக்கும் இடத்துக்கு முன்பணமே வாங்கித் தராதீர்கள். வீட்டுக்கு இறங்கும் படிக்கட்டுப் பாதை யார் நிலத்தில் போகிறது, ஊற்றுத் தண்ணீர்க் குழாய் யார் தோட்டத்துக்குள் வருகிறது என்பதைச் சொத்து விவரத்தில் எழுதுங்கள். பாதை உரிமை பத்திரத்தில் இல்லாமல் கிரயத்தன்று காலையில் நின்றுபோன விற்பனைகள் உண்டு.

தடுப்புச்சுவர் அதைவிட முக்கியம். கிரயம் ஆகும் வரை சொத்துக்கு வரும் சேதம் விற்பவர் தலையில்தான். 2009 நவம்பர் நிலச்சரிவுகளில் இந்த மாவட்டம் பட்டதை மறந்துவிட்டு ஒப்பந்தம் எழுத முடியுமா? சுவர் சரிந்தால் விற்பவர் கட்டித் தருவாரா, விலையில் கழிப்பாரா, எந்தத் தொகையைத் தாண்டினால் இருவரும் விலகலாம் என்று ஒரு பத்தி போதும்.

விற்பவர் வெளிநாட்டில் இருந்தால், அங்கிருந்து வரும் பவர் பத்திரத்துக்கு இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியாகவேண்டும். அதற்கும் தேதி போடுங்கள்.

குறை உங்கள் மேல் மட்டும் இல்லை. முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 என்று நூற்றுக்கு ஒன்பது ரூபாய் வாங்கும் அரசு, நிலத்தைப் பிரித்துத் தனி எண் வாங்கும் உட்பிரிவுக்கு விண்ணப்பித்தவரிடம் அளக்க வரும் நாளைச் சொல்வதில்லை. கையெழுத்துப் போட கோவையிலிருந்து காரில் வருபவர் 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் எடுத்துக்கொண்டுதான் மலையேறவேண்டும். இவற்றையெல்லாம் ஆட்சியரிடமும் பதிவுத்துறையிடமும் கேட்கவேண்டும், கேட்போம். ஆனால் ஒப்பந்தத்தில் இருக்கும் வரி உங்கள் கையில் இருக்கிறது.

ஆகவே பணிவோடு மறுபடியும் கேட்கிறேன். தொடக்க நாள், நிபந்தனைக்கு ஒரு தேதி, முன்பணம் திரும்பும் நாள், இவை இல்லாமல் எழுதாதீர்கள். முறிந்தால் 15 நாளில் வங்கி வழியாகப் பணம், அதே நாளில் சார்பதிவாளர் முன் இருவரும் ரத்துப் பத்திரம் என்று ஒரே பத்தியில் சேர்த்து எழுதுங்கள். தரகர்களே, அந்தப் பத்தி எழுதி முடியும் வரை பதிவுக்கு டோக்கன் போட அவசரப்படுத்தாதீர்கள். உதகை, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் எழுத்தர்கள் ஒருநாள் கூடி மலைக்கென ஒரு மாதிரிப் படிவம் தயாரித்தால், வரைவுக்கு உதவ நான் தயாராக இருக்கிறேன். வரும் தை மாதக் கிரயங்களுக்கு முன்பே அதைச் செய்து முடிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
இந்த மலையில் பத்திரம் சரிபார்த்துக் கொடுக்கும் ஒருவர்