2025ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயலவை நண்பர்களே, வந்திருக்கும் உறுப்பினர்களே, வணக்கம். "வந்திருக்கும்" என்று வேண்டுமென்றேதான் எழுதினேன். சென்ற ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு 64 உறுப்பினர்களில் 19 பேர் வந்தார்கள். அதிலும் நால்வர் சாப்பாடு வந்த பிறகு வந்தார்கள். கோரம் சேர வேண்டுமே என்று நானே லோரோங்கில் (சந்தில்) இறங்கி மூன்று வீட்டுக் கதவைத் தட்டியது தலைவருக்குத் தெரியும்.

ஜனவரியில் பொங்கல் விழா நடந்தது. பிப்ரவரியில் தைப்பூசத்துக்குப் பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயில் போகும் வழியில் தண்ணீர்ப் பந்தல் போட்டோம். ஜூனில் கோத்தோங் ரோயோங், அதாவது எல்லாரும் கூடிச் செய்யும் துப்புரவு வேலை, நடந்தது. வாளியும் துடைப்பமும் நிறைய வந்தன, ஆட்கள் குறைவு. அக்டோபரில் தீபாவளி உபசரிப்பு. செயலவை ஏழு முறை கூடியது.

இனி தோங் திட்டம், அதாவது அவசரத்துக்கு வேண்டிய சாமானை மூடி போட்ட பெரிய பிளாஸ்டிக் பீப்பாயில் வீட்டிலேயே சேமித்து வைக்கும் திட்டம். சென்ற கூட்டத்தில் ஓர் உறுப்பினர், "சங்கம் என்ன மளிகைக் கடையா?" என்று கேட்டார். அன்று நேரமில்லாமல் போய்விட்டது. இன்று பதில் சொல்கிறேன்.

2017 நவம்பர் 4, சனிக்கிழமை இரவு. இந்த ஊரில் இருந்த யாருக்கும் அந்தத் தேதியை விளக்க வேண்டியதில்லை. காற்றும் மழையும் விடிய விடிய அடித்தன, வெள்ளத்தில் பினாங்கு மாநிலத்தில் ஏழு உயிர்கள் போயின. மழையும் கடலேற்றமும் ஒரே நேரத்தில் வந்தால் சுங்கை பினாங்கு ஆறு தண்ணீரை வாங்காது, பி. ரம்லி சாலைப் பக்கம் குடியிருக்கும் நமக்கு இது பரம்பரை அறிவு. அன்று நம் வீடுகளில் சாமான் இல்லாமல் இல்லை. அரிசி இருந்தது, சார்டின் டின் இருந்தது, டார்ச் லைட்டும் இருந்தது. அரிசி கட்டிலுக்கு அடியில், டின்கள் அடுப்படியில் சிங்க்குக்குக் கீழே, டார்ச் லைட் டிவி மேசையின் கடைசி இழுப்பறையில். தண்ணீர் முதலில் நுழைகிற இடமாகப் பார்த்துப் பார்த்து வைத்திருந்தோம். இருந்தும் இல்லாத கதைதான்.

2020 மார்ச்சில் கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது வேறு மாதிரித் தப்பு செய்தோம். பத்துப் பத்துக் கிலோவாக வாங்கி அடுக்கினோம், ஆறு மாதத்தில் வண்டு வந்து பாதியைக் கொட்டினோம். 2024 ஜனவரியில் சுங்கை டுவா சுத்திகரிப்பு நிலையத்தில் பெரிய வால்வை மாற்றினார்கள். முன்கூட்டியே அறிவித்துவிட்டுத்தான் தண்ணீரை நிறுத்தினார்கள். அப்படியும் இரண்டாம் நாளே என் வீட்டு வாசலில் ஏழு வாளிகள் வரிசையில் நின்றன. யார் வாளி என்று சொல்ல மாட்டேன்.

ஆகவேதான் செயலவை ஒப்புதலோடு மூடியுள்ள 40 பிளாஸ்டிக் தோங்குகள் மொத்தக் கடையில் வாங்கப்பட்டன. குடும்பத்துக்கு ஒன்று, பாதி விலை சங்கம். மே மாதம் விளக்கக் கூட்டம் வைத்தேன். பதினொரு பேர் வந்தார்கள். வராதவர்களுக்காக இங்கே சுருக்கமாகச் சொல்கிறேன். புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) நான் போட்டதை யாரும் படிக்கவில்லை, கட்டைவிரல் மட்டும் காட்டினார்கள்.

வீட்டுச் சுவரில் 2017 தண்ணீர்க் கோடு இன்னும் தெரியும். பெயின்ட் அடித்து மறைத்தவர்கள் பக்கத்து வீட்டில் பாருங்கள். சாப்பாட்டுத் தோங் அந்தக் கோட்டுக்கு மேலே இருக்க வேண்டும். குடிதண்ணீர் வேறு கணக்கு. ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர், மூன்று நாளைக்கு என்று வைத்தால் ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு 60 லிட்டர், அதாவது 60 கிலோ. பரணில் ஏற்றினால் பரண் தலையில் விழும். பிரித்து, பலமான மேசை மேலும் மாடிப்படி ஓரத்திலும் வையுங்கள். வெயில் படக்கூடாது, மண்ணெண்ணெய், பெயின்ட் பக்கத்தில் வைத்தால் பாட்டில் வாடையை இழுத்துக்கொள்ளும். அரிசியைக் காற்றுப் புகாமல் மூடுங்கள். சிவப்பரிசியில் எண்ணெய்ச் சத்து உண்டு, சீக்கிரம் சிக்கு வாடை வரும். சேமிப்புக்கு வெள்ளை அரிசிதான். பேட்டரியை டார்ச் லைட்டுக்குள்ளேயே விட்டால் கசிந்து டார்ச்சும் போய்விடும், வெளியே எடுத்து வையுங்கள். தோங்கில் இருப்பதைச் சமையலுக்கு எடுங்கள், எடுத்த இடத்தில் புதிதை வையுங்கள். அப்புறம் டின் திறப்பான். விளக்கக் கூட்டத்தில் ஐந்து பேரின் பட்டியலை வாங்கிப் பார்த்தேன், நாற்பது டின்னுக்கு மேல் எழுதியிருந்தார்கள். டின் திறப்பானை ஒருவரும் எழுதவில்லை.

இப்போது மண்டபச் சாமான் விவகாரம். வேறு யாராவது எழுந்து சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். ஆம், ஊருக்கு உபதேசம் சொன்ன செயலாளர் சங்கத்தின் பொதுச் சேமிப்பை மேடைக்குக் கீழே உள்ள அலமாரியில்தான் வைத்திருந்தார். ஆனால் சுவரில் இரும்புத் தட்டு அடிக்க 380 ரிங்கிட் விலைப்பட்டியலை மார்ச்சிலேயே கொடுத்தேன். மூன்று கூட்டங்களில் "அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம்" என்றார்கள். மூன்று குறிப்பும் என்னிடம் இருக்கிறது. செப்டம்பர் மழையில் மண்டபத்துக்குள் கணுக்கால் அளவுதான் தண்ணீர், அதுவும் இரண்டு மணி நேரம். அதற்கே 30 கிலோ அரிசியும் கோதுமை மாவும் போயின. திருகு மூடி போட்ட சாஸ் பாட்டில்கள், பார்க்க நன்றாக இருந்தும், குப்பைக்குப் போயின. மூடி இடுக்கில் சாக்கடைத் தண்ணீர் ஏறியிருக்கும். உப்பியிருந்த டின் ஒன்றையும் எறிந்தோம். மற்ற டின்களைச் சோப்புப் போட்டுக் கழுவி, 4 லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி குளோரோக்ஸ் (வெளுப்புத் திரவம்) கலந்து 15 நிமிடம் ஊறவைத்துக் காப்பாற்றினோம்.

காப்பாற்றியவை 26 டின்கள். ஒன்றிலும் லேபிள் இல்லை. மூடியில் பெயரும் தேதியும் மார்க்கரில் எழுதுங்கள் என்று மே மாதம் நான் சொன்னது வீட்டுக்கு மட்டும் என்று உதவிச் செயலாளர் நினைத்துவிட்டார். பொருளாளர் சார்டின் என்று நம்பித் தாளித்து வைத்துவிட்டு ஒன்றைத் திறந்தார். உள்ளே லோங்கான் பழம்.

மழைக்கு முன்னமே மூன்று பெரிய மைலோ பொட்டலமும் கெட்டிப்பால் டின்களும் குறைந்திருந்தன. கோத்தோங் ரோயோங் அன்று சாவி யாரிடம் இருந்தது என்பது எனக்குத் தெரியும். பெயர் சொல்லிப் பழக்கமில்லை.

வரவு செலவு விவரம் பொருளாளர் அறிக்கையில் வரும். சென்ற ஆண்டைவிடக் கையிருப்பு சற்றுக் குறைவு, கவலைப்படும் நிலையில்லை. கவலைப்பட வேண்டியது சந்தாவுக்கு. ஆண்டுக்கு 24 ரிங்கிட், மாதம் 2 ரிங்கிட். ஒரு தே தாரிக், அதாவது ஆற்றிய பால் தேநீர், அதற்குக்கூடக் காணாது. 64 பேரில் 31 பேர் கட்டியிருக்கிறார்கள். தோங் வாங்க மட்டும் 40 பேர் வந்தார்கள். கணக்கில் நான் புலி இல்லை, இருந்தாலும் அந்த ஒன்பது பேர் யார் என்று எனக்குத் தெரியும்.

தலைவர், துணைத்தலைவர், பொருளாளர், மகளிர் பகுதித் தலைவி, மண்டபத்தைக் கழுவிவிட்ட இளைஞர்கள், பம்ப் இரவல் கொடுத்த எதிர்வரிசைச் சீனக் குடும்பம் அனைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு இரும்புத் தட்டு அடிக்க வேண்டும். விலை இப்போது 420 ரிங்கிட் ஆகியிருக்கிறது. ஒன்பது பேர் இரண்டு ஆண்டுச் சந்தாவைச் சேர்த்துக் கட்டினால் 432 வரும். சும்மா கூட்டிப் பார்த்தேன், அவ்வளவுதான். செயலாளர் பொறுப்புக்கு வேறு யாராவது முன்வந்தால் மகிழ்ச்சியோடு ஒப்படைப்பேன். ஆறு ஆண்டு ஆகிவிட்டது, இடுப்பு வலியும் இருக்கிறது. யாரும் வராவிட்டால் போன தடவை மாதிரி எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டு உட்காராமல், உதவிக்கு இரண்டு பேரையாவது கொடுங்கள்.

கடைசியாக ஒரு அறிவிப்பு. தோங் ஒன்றில் இட்லி மாவு புளிக்க வைத்திருப்பதையும், இன்னொன்றில் துணி ஊறுவதையும் நேரிலேயே பார்த்தேன். வாங்கியது உங்கள் காசு, நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. ஆனால் மண்டபத்தில் இருக்கும் சங்கத் தோங்குகளில் இரண்டுக்கு மூடி இல்லை. நீல நிறம். எடுத்தவர்கள் இரவில் வாசலில் வைத்துவிட்டுப் போனாலும் போதும்.

இப்படிக்கு,
செயலாளர்