சோறு திங்கிற வீட்டுல கோதுமை எங்கேர்ந்து வந்துச்சு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

என் பொண்ணுக்கு 19 வயசு. எத்தன இரும்பு மாத்திரை குடுத்தும் ரத்தம் 8-க்கு மேல ஏறவே இல்லன்னு, போன ஆடியில எண்டோஸ்கோபி பண்ணி சிறுகுடல்லேர்ந்து துளி சதை எடுத்து டெஸ்ட் பண்ணி சீலியாக் நோய்னு சொன்னாங்க. கோதுமை, பார்லி இதுல இருக்கற குளூட்டன் உள்ள போனா ஒடம்போட எதிர்ப்பு சக்தியே குடலைப் புண்ணாக்குதாம், ஆயுசுக்கும் தொடக்கூடாது, இதுக்கு வைத்தியமே பத்தியம்தான்னுட்டாங்க. சொந்தக்காரங்க எல்லாம், நாம மூணு வேளையும் அரிசி திங்கிறவங்க, சப்பாத்திய நிறுத்துனா தீந்துச்சுன்னாங்க, நானும் அப்படித்தான் நெனச்சேன்.

பரோட்டா, ரவா, சேமியா, பிஸ்கட், மால்ட் பவுடர் எல்லாம் நிறுத்தி நாலு மாசம் ஆகியும் உப்புசம் போகல சார், சாப்ட்ட அரமணி நேரத்துல வயித்தப் புடிச்சிக்கிட்டு சுருண்டு படுத்துடுவா, ரெண்டு நாளைக்கு ஒருக்கா பேதி. வெளில எதையோ வாங்கித் திங்கிறான்னு வீட்டுல பேச ஆரம்பிச்சாங்க, நானும் ஒரு நாள் அவ தூங்கும்போது காலேஜ் பையத் தொறந்து பாத்தேன், ஒண்ணும் இல்ல. அத நெனச்சா இன்னிக்கும் மனசு அறுக்குது.

ஒரு நாள் ரசத்துக்குத் தாளிக்கும்போதுதான் பெருங்காய டப்பாவத் திருப்பிப் பாத்தேன், பொடி எழுத்து, போன்ல போட்டோ எடுத்து பெருசாக்குனா கோதுமை மாவுன்னு போட்ருக்கு. கூட்டுப் பெருங்காயமே பிசினும் மாவும் கலந்து பண்றதுதானாம், சில கம்பெனி அரிசி மாவு போடுறாங்க, நான் வாங்குனது கோதுமை. சாம்பார், ரசம், மோர்னு பத்தியச் சாப்பாட்டுல தெனம் என் கையாலேயே போட்ருக்கேன்.

அப்புறம் மாவு மில்லு. இடியாப்பத்துக்கு அரைக்கப் போனா எனக்கு முன்னாடி ஒரு அம்மா கோதுமை அரைச்சிட்டுப் போனாங்க, அதே மெஷின்ல என் அரிசியக் கொட்டுனதும் மொத ரெண்டு கை மாவு பழுப்பா வந்துச்சு. மில்லுக்காரர சொல்லிக் குத்தமில்ல, அவருக்கு யாரு சொன்னா? குளூட்டன் இல்லன்னு பாக்கெட்ல போடணும்னாலே கிலோவுக்கு 20 மில்லிகிராம் தாண்டக்கூடாது, அந்த ரெண்டு கை மாவுல எவ்ளோ இருந்திருக்கும்.

பெருங்காயத்த மாத்தி, அரிசிய வீட்டு மிக்ஸியில அரைக்க ஆரம்பிச்சதும் பாதி கொறஞ்சுது. மீதிக்கு டாக்டர் கொஞ்ச நாள் பால நிறுத்தச் சொன்னாரு, குடல் உள்பக்கம் இருக்கற மெல்லிசான விரல் மாதிரி மடிப்புலதான் பால் செரிக்கற என்சைம் ஊறுதாம், மடிப்பு தேஞ்சா அதுவும் கொறஞ்சிடும், ஆறுறதுக்கு ஒரு வருஷம் ரெண்டு வருஷம்கூட ஆகலாம்னாரு. டிகிரி காபி இல்லாம விடியாதவ இப்ப சுக்கு காபி குடிக்கிறா, பேதி நின்னுடுச்சு. அப்பவும் நிக்கலன்னா குடல்ல பாக்டீரியா பெருகியிருக்கா, கணையம் சரியா வேல செய்யுதான்னு பாக்கணும், கடையில கேஸ் மாத்திரை வாங்கி போட்டுக்கிட்டு இருக்கக்கூடாதுன்னு கண்டிப்பா சொல்லிட்டாரு.

எங்களுக்கு இதெல்லாம் தெரிய ஆறு மாசம் ஆச்சு. உங்க மருத்துவப் பக்கத்துல பெருங்காயம், மில்லு, ஓட்டல் சாம்பார்ல கெட்டியாக்கக் கலக்குற மைதா இதப்பத்தி ஒரு தடவ எழுதுங்க சார். அப்படியே மன்னார்குடி, திருவாரூர் பக்கம் அரிசி மட்டும் அரைக்கிற மில்லு இருந்தா தெரிஞ்சவங்க இந்தப் பகுதிக்கே எழுதுங்க, பஸ் ஏறியாவது போயி அரைச்சிட்டு வந்துடுவேன்.

ஒரு வாசகி,
மன்னார்குடி