ரேங்க் பார்த்துக் கலங்கி நிற்கும் மகளுக்கு

அன்புள்ள அம்மிணிக்கு,

"கிளாட்ல இந்த ரேங்க் வாங்கினவளுக்கு வக்கீல் ஆகிற தகுதி எங்கப்பா இருக்கு?" என்று, சட்டப் படிப்புக்கான நுழைவுத்தேர்வு ரேங்க்கைப் பார்த்துவிட்டு நேற்று கேட்டாய். போனில் பதில் சொன்னால் அழுதுவிடுவாய் என்றுதான் எழுதுகிறேன்.

தேர்வே கூடாது என்று சொல்ல மாட்டேன். 2008க்கு முன்னால் தேசிய சட்டப் பல்கலைக்கழகங்கள் தனித்தனியாகத் தேர்வு வைத்தன. ஊர் ஊராய்ப் போய் எழுத வசதி இருந்தவர்களுக்கே அது தோது. பெரும்பாலானவற்றுக்கும் சேர்த்து கிளாட் என்று ஒரே தேர்வு ஆக்கியது நல்ல காரியம். கேரள எல்லையோரம் இருக்கும் நம் கொழிஞ்சாம்பாறையில் ஒரு வீட்டுப் பிள்ளை கேரளா போர்டு, அடுத்த வீட்டுப் பிள்ளை தமிழ்நாடு போர்டு. இந்த மார்க்கையும் அந்த மார்க்கையும் எப்படி ஒப்பிடுவது? ஆனாலும் பார், வாளையார் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் போனால் அரசு சட்டக் கல்லூரியில் ஐந்து வருடப் படிப்புக்கு பிளஸ் டூ மார்க் போதும். இந்தப் பக்கம் கேரளாவில் எண்ட்ரன்ஸ் எழுத வேண்டும். நல்ல வக்கீல்கள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள்.

என் ஆதங்கம் வேறு. கிளாட்டில் 120 கேள்வி, 2 மணி நேரம், தப்பான பதிலுக்குக் கால் மார்க் கழிவு. அத்தனையும் ஆங்கிலத்தில், நீளநீளமான பத்திகளாக. டாக்டர் ஆவதற்கான நீட்டைத் தமிழிலும் மலையாளத்திலும் எழுதலாம். கிளாட்டை ஆங்கிலத்தில் மட்டும்தான் எழுத முடியும். பத்தாவது வரை தமிழ் மீடியத்தில் படித்த உனக்கு நியாயம் பிரித்துப் பார்க்கத் தெரியாமல் மார்க் போகவில்லை, பத்தியைப் படித்து முடிப்பதற்குள் நேரம் போய்விட்டது. ஹைகோர்ட்டுக்கு ஆங்கிலம் வேண்டும்தான், ஒத்துக்கொள்கிறேன். அதைச் சொல்லிக்கொடுக்கத்தானே கல்லூரியில் ஐந்து வருடம் இருக்கிறது?

அமெரிக்காவில் சட்டப் படிப்புக்கு 1948லிருந்து எல்சாட் என்று ஒரு தேர்வு நடக்கிறது. அங்கே அந்த மார்க்கோடு பட்டப்படிப்பு மார்க், பிள்ளை தன்னைப் பற்றி எழுதும் கட்டுரை, ஆசிரியர்களின் சிபாரிசுக் கடிதம் எல்லாவற்றையும் பார்க்கிறார்கள். இங்கே ரேங்க்கும் இடஒதுக்கீடும்தான். நீ எந்த மீடியத்தில் படித்தாய், வீட்டில் எந்த மொழி பேசுகிறாய் என்று ஒருவரும் கேட்பதில்லை. தேர்வு இருக்கட்டும், அது ஒன்றே எல்லாம் என்று ஆக்கியதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

பாலக்காட்டுச் சித்தூர் கோர்ட்டில் வக்கீல் குமாஸ்தாவாக இருந்து நான் பார்த்ததைச் சொல்கிறேன். போன மாதம் ஒரு பாட்டி கூட்டுக்கிணற்று வழக்கோடு வந்தார். தண்ணீர் முறை, மூத்த மகன், மருமகள், பழைய சண்டை என்று முன்னும் பின்னுமாகச் சொல்லிக்கொண்டே போனார். நம் ஆபீஸ் ஜூனியர் பெண் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கடைசி வரை கேட்டாள். அப்புறம் ஒரே கேள்வி: "மோட்டார் கனெக்ஷன் யார் பேர்ல இருக்குதுங்க பாட்டி?" பாட்டி மஞ்சப்பையைத் துழாவி, நாலாய் மடித்த கரண்டு பில்லை எடுத்து நீட்டினார். செத்துப்போன தாத்தா பெயரில் இருந்தது. சண்டையின் வேர் அங்கேதான். தமிழில் கேட்டதை அன்று சாயங்காலமே மலையாளத்தில் மனுவாக எழுதிவிட்டாள். அந்தப் பொறுமையையும் அந்தக் கேள்வியையும் அளக்க எந்தத் தாளிலும் இடமில்லை. உன்னிடம் இரண்டும் இருக்கின்றன. ரேஷன் கார்டில் பெயர் விட்டுப்போன பக்கத்து வீட்டு அக்காவுக்கு நீ மனு எழுதிக் கொடுத்தபோதே பார்த்தேன்.

சரி, இனி ஆக வேண்டியதைப் பார்ப்போம். கிளாட்டை இன்னொரு தடவை எழுத ஆசை இருந்தால் எழுது. 4,000 ரூபாய் பீஸை நினைத்துத் தயங்காதே, நான் பார்த்துக்கொள்கிறேன். தினமும் ஆங்கிலப் பேப்பரின் தலையங்கத்தைக் கடிகாரம் வைத்துப் படி. கேரளா எண்ட்ரன்ஸுக்கும் கட்டாயம் போடு, திருச்சூர் அரசு சட்டக் கல்லூரி கிடைத்தால் வாராவாரம் வீட்டுக்கு வரலாம். நேட்டிவிட்டி சர்டிபிகேட்டுக்கு வில்லேஜ் ஆபீஸில் திங்கட்கிழமை எழுதிக் கொடுக்கிறேன். உன் எஸ்எஸ்எல்சி புக் நகலை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பு.

அன்புடன்,
அப்பா