ராஜா ஜோடியைக் கீழ போட்டவன் எழுதுறேன்

மாப்ள,

பொங்கலுக்கு அப்புறம் ஒரு வரிகூட எழுதல. திட்டுறதை மொத்தமா சேத்து வச்சுக்க. இங்க எல்லாரும் சுகம். மீன்பிடி தடைக்காலம், போட்டு சும்மா கெடக்கு. ஜூன் 14 வரைக்கும் மண்டபத்துல பகல்ல வலை, ராத்திரி மொட்டைமாடியில போக்கர். கச்சான் காத்துல சீட்டு பறக்குதுன்னு ஆளுக்கொரு சங்கு வச்சு அமுக்கிக்கிறோம். நீ சிங்கப்பூர்ல இருந்து கொண்டாந்த அதே சில்லுப்பெட்டிதான். காசு கிடையாது, தோத்தவன் பரோட்டா வாங்கணும்.

விஷயம் உங்கப்பாவைப் பத்தி. பதறாத, நல்லா இருக்காரு. ஒரு மாசமா அவரும் மாடியேறி வர்றாரு. நம்ம கணக்குப் பேப்பரைத் திருத்துன மாதிரியே போக்கர் ஆடுறாரு, அரை மார்க்கு சும்மா தரமாட்டாரு. ஆசு ஜோடி 221 கைக்கு ஒரு தடவைதான் வரும். நம்ம ஆளுக பேசிப் பேசி சீட்டுப் போடுற வேகத்துக்கு ராத்திரிக்கு 60 கை ஓடினாலே அதிகம். அவருக்கு அவசரமே இல்ல, வெத்தலையை மென்னுக்கிட்டு நாலு நாளானாலும் உக்காந்திருப்பாரு. சீட்டு வந்துட்டா வெத்தலைப்பெட்டியை டக்குன்னு மூடிருவாரு.

மொத வாரம் ராணி ஜோடிய வச்சு அவர்கிட்ட மொத்தத்தையும் விட்டேன். வீட்டுக்கு வந்துதான் எண்ணிப் பாத்தேன். அவர் அவ்வளவு ஏத்துனா கையில இருக்கக்கூடியது ஆசு ஜோடி 6 விதம், ராஜா ஜோடி 6 விதம், மிச்ச ராணி ரெண்டும் சேந்தா 1. பதிமூணுல பன்னெண்டு எனக்கு அடி!

போன வியாழக்கிழமை எனக்கு ஸ்பேடு ராஜாவும் ஆட்டின் ராஜாவும். ஆளுக்கு 5,000 சில்லு, பிளைண்ட், அதான் சீட்டைப் பாக்குறதுக்கு முன்னாடியே ரெண்டு பேர் போட்டாகணுமே, அது 25-50. நான் 150 ஏத்துனேன். அவர் 500. நான் 1,300. பெட்டி மூடுச்சு, ஆல்-இன், மொத்தச் சில்லையும் தள்ளிட்டாரு.

நானும் ஆடணும்னா இன்னும் 3,700 போடணும், போட்டா நடுவுல பத்தாயிரத்துச் சொச்சம் சேரும். நூத்துக்கு 37 தடவை ஜெயிச்சாப் போதும். அவர் கையில ஆசு ஜோடின்னா எனக்கு நூத்துக்கு 18தான். ஆசு-ராஜான்னா பத்துக்கு ஏழு தடவை நான்தான். ஆசு ஜோடி 6 விதம், மிச்ச ராஜா ஜோடி 1, ஆசு-ராஜா 8. அந்த எட்டையும் கணக்குல சேத்தா கண்ணை மூடிக்கிட்டு போடலாம், சேக்கலைன்னா ஃபோல்டு, சீட்டைக் கீழ போட்டுற வேண்டியதுதான். அவர் ஆசு-ராஜாவை வச்சு இப்படித் தள்ளுவாரா மாட்டாராங்கிறதுதான் மொத்தக் கேள்வியும். முந்தின வாரம் அந்தச் சீட்டுக்கு ஏத்தாம, அடுத்தவன் போட்டதுக்குச் சமமாப் போட்டு வெறும் கால் பண்ணுனதைக் கண்ணால பாத்தேன். ஒரே ஒரு தடவைதான். அதை நம்பி ரெண்டு ராஜாவையும் திருப்பிக் காட்டிக் கீழ போட்டேன்.

மாடியே என்னைக் காறித் துப்புச்சு. குட்டை இன்னும் "ராஜாவைத் தூக்கிப் போட்ட ராசா"ன்னுதான் கூப்புடுறான். ஏழு ஜோடிக்கெல்லாம் ஆல்-இன் தள்ளுற உன்கிட்டன்னா யோசிச்சிருக்கவே மாட்டேன். உங்கப்பாகிட்ட வேற கணக்குடா. ஆனா வெத்தலை தீந்து போய்த்தான் பெட்டியை மூடுனாரோ என்னவோ! அதுலதான் மூணு நாளாத் தூக்கம் இல்ல.

அம்மா போனதுக்கப்புறம் அவர் வாசப்படி தாண்டாம கெடந்தது உனக்குத் தெரியும். அன்னைக்கு என் ராஜா ரெண்டையும் கையில எடுத்துக் கொஞ்ச நேரம் பாத்தாரு. அவர் சீட்டைக் கட்டுக்குள்ள சொருகிட்டு, சிரிச்சாரு மாப்ள. பொக்கைப்பல்லு தெரிய. அந்தச் சிரிப்பைப் பாத்து எவ்வளவு நாளாச்சு.

ஞாயித்துக்கிழமை போன் பண்றப்ப மாத்திரை போட்டீங்களா, பணம் வந்துச்சான்னு மட்டும் கேட்டுட்டு வச்சிராத. கையில என்ன இருந்துச்சுன்னு கேளு. நான் கேக்கச் சொன்னேன்னு சொல்லிராத. என்கிட்ட பரோட்டா வாங்கித் தந்தா சொல்றேன்னாரு. வாங்கித் தந்தேன். தின்னுட்டு, சால்னா காரம்னு சொல்லிட்டுப் போயிட்டாரு.