மாத்திரையோடு நான்கு வரி எழுதிக் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மார்பகப் புற்றுநோய்க் கட்டி ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனால் வளரும் வகை என்றால், டமாக்சிஃபென் மாத்திரையை ஐந்து ஆண்டுகள், சிலர் பத்து ஆண்டுகள்கூடச் சாப்பிட வேண்டியிருக்கிறது. என் அக்காவின் மருந்துச் சீட்டில் '20 மி.கி., இரவு ஒன்று' என்பதோடு சரி. வேறு ஒரு வார்த்தை இல்லை.

இந்த மாத்திரை சாப்பிடுபவருக்கு மாதவிடாய் நின்றபின் இரத்தப்போக்கு வந்தால் கருப்பையை உடனே பரிசோதிக்க வேண்டும். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் இரத்தம் உறைந்திருக்கலாம். இவற்றை யார் சொல்வது? இன்னொன்றுதான் எனக்குப் பெரும் கவலை. மனச்சோர்வுக்குத் தரப்படும் பராக்ஸெடின், ஃப்ளுவாக்ஸெடின் ஆகியவை, டமாக்சிஃபென் கல்லீரலில் வீரியமுள்ள பொருளாக மாறுவதையே தடுக்கின்றன. புற்றுநோய் மாத்திரை சாப்பிடுவதை மனநல மருத்துவரிடம் சொன்னால், அவர் வேறு மருந்து எழுதித் தருவார். இதே நோய்க்குத் தரப்படும் இன்னொரு மாத்திரையான லெட்ரோசோல் சாப்பிடுவோருக்கு எலும்பு அடர்த்திப் பரிசோதனை அவசியம்.

மருந்தால் வரும் உடல் தகிப்பு தாங்காமல் மாத்திரையைத் தாங்களே நிறுத்திவிடும் பெண்களும் இருக்கிறார்கள். நிறுத்தினால் நோய் திரும்பும் அபாயம் கூடுகிறது. தகிப்பைத் தணிக்கவோ வழி உண்டு. அரசு மருத்துவமனைகளில் இந்த மாத்திரையோடு தமிழில் ஒரு துண்டுத்தாளும் கொடுக்கச் சுகாதாரத் துறை உத்தரவிட வேண்டும்.

– ஒரு வாசகி, தஞ்சாவூர்