குன்றடித் தண்ணீர்த் தொட்டிகளும் பாறைச் சுனைகளும்: திருப்பணி நிறைவு அறிக்கை

மதிப்புக்குரிய அங்கத்தவர்களுக்கு,

காட்டு விலங்குகளுக்குத் தண்ணீர் வைக்கும் வேலையைத் திருப்பணி என்று எழுதலாமா என்று சென்ற பொதுக்கூட்டத்தில் ஒருவர் கேட்டார். கோயில் கேணியைத் தூர்வாருவது திருப்பணியானால் குன்றின் மேலுள்ள சுனையைத் தூர்வாருவதும் திருப்பணிதான் என்பது செயற்குழுவின் எண்ணம். ஆகவே தலைப்பை மாற்றவில்லை. அதே கூட்டத்தில், "கட்டினதை இடித்து, இடித்ததைத் திரும்பக் கட்டி, எங்கள் காசைக் கரைத்துவிட்டார்கள்" என்றும் சொல்லப்பட்டது. அந்தச் சொல்லுக்குப் பதில் கூறாமல் கணக்கை மட்டும் ஒப்படைத்துவிட்டு எழுந்து போக எங்களுக்கு மனம் வரவில்லை.

மூன்று பாறைச் சுனைகளும் இரண்டு சிரமதானங்களில் தூர்வாரப்பட்டன. சாப்பாட்டையும் இரண்டு புதிய மண்வெட்டிகளையும் தவிர அதில் வேறு செலவில்லை.

கன்னியாவுக்கு அண்மையில் கட்டிய இரண்டு தொட்டிகளின் கதை அவ்வளவு எளிதன்று. நமது திருகோணமலை மாவட்டத்தில் ஆண்டுக்குச் சராசரியாக 1,600 மில்லிமீற்றர் அளவில் மழை பெய்தாலும், அதன் பெரும்பகுதி ஐப்பசி முதல் தை வரையான மாரிகாலத்திலேயே கொட்டிவிடுகிறது. வைகாசிக்குப் பின் கச்சான் காற்று அடிக்கத் தொடங்கினால் சுனைகளின் அடிச்சேறுகூட வெடித்துப் பாளமாகிவிடும். பவுசரில் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றினால் போதாதா என்று கேட்டவர்களுக்கு எங்கள் விடை இதுதான்: பவுசர் போகக்கூடிய பாதையால், விலங்கு தடுக்கினால் வெடிக்கும் கட்டுத்துவக்கைக் கட்டும் வேட்டைக்காரரும் போவார். தவிர, ஒரு கோடையில் பணம் முடிந்துவிட்டால், தண்ணீருக்குப் பழகிய விலங்குகள் வெறுந்தொட்டியைத் தேடி வந்து நிற்கும். ஒரு சதுர மீற்றர் பரப்பில் ஒரு மில்லிமீற்றர் மழை விழுந்தால் ஒரு லீற்றர் தண்ணீர். அந்தக் கணக்கின்படி 40 சதுர மீற்றர் சீமெந்துத் தளத்தில் 250 மில்லிமீற்றர் மழை விழுந்தாலே 10,000 லீற்றர் தொட்டியொன்று நிரம்பிவிடும். அமெரிக்காவின் வறண்ட நிலங்களில் 1940களில் காடைகளுக்காகக் கட்டத் தொடங்கிய தொட்டிகளும் இதே வகையானவை: மழையை ஏந்த ஒரு தளம், நிலத்துக்குள் பாதி புதைந்த, மேலே மூடிய ஒரு தொட்டி, உள்ளே நடந்து இறங்க ஒரு சாய்தளம். குழாய் இல்லை, மிதவை இல்லை, குரங்கு பிடுங்கி எறிவதற்கு எதுவும் இல்லை. தண்ணீர் குறையக் குறைய விலங்கு இன்னும் கொஞ்சம் கீழே இறங்கிக் குடிக்கும்.

பிணக்கு அந்தச் சாய்தளத்தில்தான் தொடங்கியது.

ஒப்பந்தக்காரர் இரண்டு தொட்டிகளையும் முன்னைய ஆண்டு புரட்டாசிக்குள், மழைக்கு முன்பாகவே முடித்துக் கொடுத்தார். வேலை பார்வைக்கு மிக நேர்த்தியாக இருந்தது. புதுச் சீமெந்தின் சுண்ணாம்புக் காரம் போகட்டும் என்று முதல் மழைத் தண்ணீரை இரு தடவை இறைத்து வெளியேற்றினோம். மார்கழியில் இரண்டும் விளிம்புவரை நிரம்பி நின்றதைக் கண்ணால் கண்ட மகிழ்ச்சியில் மிகுதிப் பணத்தையும் கொடுத்து முடித்தோம். நிரம்பிய தொட்டிக்குள் சாய்தளம் எவ்விடத்தில் முடிகிறது என்று எவருமே ஒரு தடியை விட்டுக்கூடப் பார்க்கவில்லை. இது செயற்குழுவின் தவறு. இதை யாருடைய தலையிலும் கட்ட நாம் முயலவில்லை.

சென்ற ஆண்டு ஆடி மாதம் பார்வையிடச் சென்ற மூவர், கீழைத் தொட்டியில் ஒரு முயல் செத்து மிதந்ததைக் கண்டனர். சாய்தளம் அடித்தளம்வரை இறங்காமல் இரண்டடி உயரத்தில் வெட்டியதுபோல நின்றிருந்தது. தண்ணீர் அதற்கும் கீழே போயிருந்தது. தாகத்தில் எட்டிப் பார்த்து உள்ளே விழுந்த உயிர் திரும்ப ஏற முடியாதபடி, சுவரும் சாய்தளமும் கண்ணாடிபோல மழுப்பிப் பூசப்பட்டிருந்தன. நீர்மட்டத்துக்கு ஒரு சாண் மேலே, சுவரின் மூன்று பக்கமும் சுற்றிச் சுற்றி, மெல்லிய வெள்ளை நகக்கீறல்கள் இருந்தன. நான்காம் பக்கத்தில், சாய்தளத்தின் கீழ்முனையில், கீறல் மிக நெருக்கமாக இருந்தது. அந்த முயல் வழியைக் கண்டுபிடித்திருந்தது, எட்டத்தான் முடியவில்லை.

ஒப்பந்தக்காரரை அழைத்தோம். வரைபடத்தில் "சாய்தளம்" என்று இருக்கிறதே தவிர நீளம் எழுதப்படவில்லை என்றார்; எடுத்துப் பார்த்தோம், எழுதப்படவில்லைதான். சொரசொரப்பாக விடச் சொல்லி வாய்ச்சொல்லாகக் கூறியிருந்தோம் என்று நாம் சொல்ல, அப்படிப் பூசினால் தன் மேசன்மாருக்குக் கெட்ட பெயர் என்று அவர் சொன்னார். அதற்குப் பின் நான்கு தடவை பேச்சு நடந்தது. ஒரு தடவை அவர் வரவில்லை, ஒரு தடவை நமது தலைவர் எழுந்து போய்விட்டார். ஈற்றில் இடிப்புக் கூலியின் பாதியை அவர் ஏற்றார். புதிய வேலையை ஏற்கவில்லை. வழக்குப் போடும்படி சில அங்கத்தவர்கள் வற்புறுத்தினர். தவணை தவணையாக நீதிமன்றப் படியேறி அடுத்த கோடையையும் இழப்பதைவிடப் பாதியை வாங்கிக்கொண்டு வேலையைத் தொடங்குவதே நல்லதென்று முடிவெடுத்தோம்; மீண்டும் அதே நிலை வந்தாலும் அப்படித்தான் முடிவெடுப்போம். ஏணி மாதிரி ஒரு பலகையைச் சாத்திவிட்டால் போதாதா என்ற யோசனையும் வந்தது. பலகையைக் கறையான் தின்னும், அல்லது பன்றி தள்ளிவிடும்.

எனவே இரண்டு சாய்தளங்களும் முற்றாக உடைக்கப்பட்டு, அடித்தளம்வரை நீட்டி, ஈரச் சீமெந்தின் மேல் தும்புத்தடியால் குறுக்கே இழுத்து வரியிட்டுக் கட்டப்பட்டன. திருப்பணி முழுவதற்குமான மதிப்பீடு 6 இலட்சம் ரூபா. முடிவில் ஆனது 7 இலட்சத்து 85 ஆயிரம். மேலதிகமான 1 இலட்சத்து 85 ஆயிரத்தில் திருத்த வேலைக்கு 1 இலட்சத்து 32 ஆயிரமும், மணலையும் கல்லையும் உழவு இயந்திரத்தில் இரண்டாம் முறை ஏற்றிய கூலியாக 53 ஆயிரமும் சென்றன.

டெங்கு பற்றிய அச்சம் நியாயமானது; 2017இல் கிண்ணியா பட்ட பாட்டை இங்கே யாரும் மறக்கவில்லை. இரண்டு தொட்டிகளிலும் நுளம்புக் குடம்பியைத் தின்னும் கப்பி மீன் விடப்பட்டுள்ளது.

திருகோணமலைக் கோட்டைக்குள் திரியும் மான்களுக்கு ஏன் எதுவும் செய்யவில்லை என்பது அடுத்த குற்றச்சாட்டு. கோணேசர் கோயிலுக்குப் போகும் எல்லோரும் அவற்றைக் காண்பதால் அக்கேள்வி எழுவது இயல்பே. ஆனால் 1624இல் போர்த்துக்கேயர் எழுப்பிய அந்தக் கோட்டை தொல்பொருட் சின்னமாகவும் இராணுவ முகாமாகவும் ஒருங்கே இருப்பதால், அங்கே ஒரு கல்லை நகர்த்தவும் இரண்டு இடத்து அனுமதி வேண்டும். மேலும் அந்த மான்கள் தாகத்தால் சாவதில்லை. கடைக்காரர்கள் வாளியில் வைக்கிறார்கள். அவற்றைக் கொல்வது நாம் எறியும் பொலித்தீன் பை. வெந்நீருக்கே ஏழு கிணறு உள்ள கன்னியாவுக்கு அண்மையில் எதற்குத் தண்ணீர்த் தொட்டி என்று கேலி செய்தவருக்கு, முயலும் மயிலும் சீட்டு வாங்கிக்கொண்டு அங்கே வரிசையில் நிற்பதில்லை என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம்.

உதவியவர்களின் பெயர்களை அச்சிடுவதில்லை என்று தீர்மானித்திருந்தாலும் அவர்களைக் கூறாமல் விடுவது நன்றிகேடு. சீமெந்து முழுவதையும் வாங்கிய விலைக்கே தந்த உப்புவெளிக் கடைக்காரர். தாயின் ஆண்டுத் திவசத்துக்கு ஒதுக்கிய பணத்தை அனுப்பிய, கனடாவிலுள்ள பழைய மாணவர். ஓய்வூதியத்தில் மாதம் 1,000 ரூபா வீதம் தவறாமல் தந்த ஆசிரியை. சிரமதான நாட்களில் சோறு சமைத்த நிலாவெளிப் பெண்கள். உண்டியலை உடைத்து நாணயங்களாகவே கொண்டுவந்த தம்பலகாமத்துச் சிறுவர் இருவர். ஐஸ் பெட்டியோடு மீன் தந்த கடற்றொழிலாளர். திருத்த வேலைக்குக் கூலி வாங்காத மேசன். பெரிய தொகையொன்று தருவதாக இருந்த ஒருவர், தொட்டியின் முகப்பில் தம் தந்தையின் பெயரைச் சலவைக்கல்லில் பதிக்கக் கேட்டார். வழுக்கும் கல் ஒன்றுகூட அங்கே இருக்கக் கூடாது என்றோம். அவர் விலகிக்கொண்டார், அந்த இடைவெளியை நிரப்பவே நான்கு மாதம் பிடித்தது.

இந்த ஆடியில் நீர்மட்டம் பழைய விளிம்புக்குக் கீழே போன பிறகு மூன்று தடவை பார்த்தோம். சாய்தளத்தின் அடிவரை மயிலின் காற்சுவடும் பன்றிக் குளம்பின் சேறும் இறங்கி, மீண்டும் மேலே ஏறியிருந்தன.

கையிருப்பு 11,400 ரூபா. பற்றுச்சீட்டுகள் அனைத்தும் பொருளாளர் வீட்டில் ஞாயிறு காலையில் பார்வைக்கு வைக்கப்படும். இடித்தெடுத்த பூச்சில் நகக்கீறல் உள்ள ஒரு துண்டும் அந்தக் கோவையோடு உள்ளது. 1 இலட்சத்து 32 ஆயிரத்துக்கான பற்றுச்சீட்டைக் கேட்பவர்கள் அதையும் சேர்த்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

செயற்குழுவுக்காக,
செயலாளர்,
திருகோணமலை.