ஆறாம் எண் அறையின் விளக்கைப் பற்றி ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நிர்வாகத்தினருக்கும் விலங்கு நெறிமுறைக் குழு உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். போன மாதம், எங்கள் ஆய்வு எலிகள் இருக்கும் ஆறாம் எண் அறையில் வார இறுதி முழுவதும் விளக்கு எரிந்தது உங்களுக்குத் தெரியும். எங்கள் எழுத்துபூர்வமான புகாரும் உங்களிடம் இருக்கிறது. இரண்டு முறை நினைவூட்டியும் பதில் வராததால் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். எங்கள் கோரிக்கை ஒன்றுதான். அந்த அறையின் விளக்குக்குத் தனி மின்சுற்றும், இன்வெர்ட்டர் இணைப்புள்ள டைமரும் வேண்டும். எங்களிடம் சொல்லாமல் யாரும் அந்தக் கதவைத் திறக்கக் கூடாது.

எலி இரவில் நடமாடும் பிராணி. அதனால்தான் அந்த அறையில் பகலை இரவாக்கி வைத்திருக்கிறோம். நாங்கள் வேலை செய்யும் நேரம் அவற்றுக்கு இருட்டு நேரம். மங்கலான சிவப்பு வெளிச்சத்தில்தான் உள்ளே போவோம். வெள்ளிக்கிழமை மாலை ஏசி பார்க்க வந்தவர்கள் குழல் விளக்கைப் போட்டுவிட்டு, அணைக்காமல் போய்விட்டார்கள். திங்கள் காலையில் நான் கதவைத் திறந்தபோது பதினாறு எலிகளும் கூண்டின் மூலையில் மரத்தூளைக் குவித்து, அதற்குள் முகத்தைப் புதைத்துக் கிடந்தன.

அலுவலகத்துக்குப் போன் செய்தேன். "ஒரு லைட்தானேம்மா?" என்றார்கள்.

அந்த ஒரு லைட் எதைக் கெடுத்தது என்று சொல்கிறேன். ஒரு பெட்டி, அதன் சுவரில் வரிசையாக ஐந்து துளைகள். ஏதாவது ஒரு துளையில் அரை நொடி வெளிச்சம் மின்னும். எலி அந்தத் துளையில் மூக்கை நுழைத்தால் எதிர்ப்பக்கத்தில் 45 மில்லிகிராம் இனிப்பு உருண்டை ஒன்று விழும். மின்னுவதற்கு முன்பே அவசரப்பட்டு நுழைத்தால் உருண்டை கிடையாது, ஐந்து நொடி பெட்டி இருண்டுவிடும். கவனம், பொறுமை இரண்டையும் இதில் தனித்தனியாக அளக்கலாம். ஓர் எலி இதை நன்றாகப் பழக இரண்டு மூன்று மாதம் ஆகும். பதினோரு வாரம், வாரத்துக்கு ஐந்து நாள், நான் அவற்றோடு இருந்தேன். ஏழாம் எண் எலிக்கு ஒரு பழக்கம் உண்டு. விளக்கு மின்னும்வரை முன்னங்கால் ஒன்றைத் தரையில் படாமல் தூக்கி வைத்துக்கொண்டு அசையாமல் நிற்கும். அந்தத் திங்கட்கிழமை அது நிற்கவே இல்லை. இருட்டாக இருந்த துளைகளில் ஒன்று மாற்றி ஒன்றாக மூக்கை விட்டுக்கொண்டே இருந்தது.

பொறுத்திருக்க முடியாத இந்த நிலைதான் எங்கள் ஆய்வின் கேள்வியே. 1997இல் கேம்பிரிட்ஜில் எலிகளின் மூளை முழுவதும் செரட்டோனினை, அதாவது நரம்புகளுக்கு இடையே செய்தி கடத்தும் ஒரு வேதிப்பொருளை, குறைத்துப் பார்த்தார்கள். எலிகள் துளையைச் சரியாகத்தான் கண்டுபிடித்தன, காத்திருக்கத்தான் முடியவில்லை. 2004இல் அதே ஊரில் மார்மோசெட் குரங்குகளின் மூளையில் நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்பகுதியில் மட்டும் செரட்டோனினைக் குறைத்தார்கள். எந்தப் படத்தைத் தொட்டால் பரிசு என்பதை மாற்றிய பிறகும், அவை பழைய படத்தையே திரும்பத் திரும்பத் தொட்டன. செரட்டோனின்மேல் வேலை செய்யும் மனச்சோர்வு மருந்தான சிட்டலோபிராம் மாத்திரையைப் பலர் தினமும் சாப்பிடுகிறார்கள். 2010இல் வந்த எலி ஆய்வு ஒன்றில், அந்த மருந்தின் சிறிய அளவு இப்படி மாற்றிக்கொள்ளும் திறனைக் கெடுத்தது, பெரிய அளவு கூட்டியது. ஒரே மருந்து, அளவு மாறினால் விளைவு நேர் எதிர். எலிகளுக்கு மருந்து கொடுத்து இவ்வளவு நுணுக்கமான வித்தியாசத்தைத் தேடும் அறையில் இரண்டு நாள் விளக்கு எரிந்தால், திங்கட்கிழமை நான் அளந்தது மருந்தின் வேலையா, வெளிச்சத்தின் வேலையா? இருட்டில் சுரக்கும் மெலட்டோனின் என்ற ஹார்மோனே செரட்டோனினிலிருந்து உருவாவதுதான்.

மறுபடி பழக்கிக்கொள்ளலாமே என்று குழுவில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் ஒவ்வோர் எலிக்கும் வெறும் உப்புநீர் ஒரு நாள், மருந்தின் மூன்று அளவுகள் வெவ்வேறு நாள் என்று கொடுத்து, அதே எலியை அதனோடேயே ஒப்பிடுகிறோம். பாதி நாள்கள் விளக்கு எரிந்ததற்கு முன், பாதி அதற்குப் பின் என்றாகிவிட்டால் ஒப்பிட எதுவும் இல்லை. பதினாறு எலிகளின் கணக்கும் செல்லாது.

எனக்கு உண்மையில் வலிப்பது இங்கேதான். விலங்கு ஆய்வுக்கு அனுமதி கேட்கும் படிவம் பியில் ஒவ்வோர் எலிக்கும் நீங்கள் காரணம் கேட்டீர்கள். பதினாறு ஏன், பன்னிரண்டு போதாதா என்று மூன்று முறை திருப்பி அனுப்பினீர்கள். அது சரியான கேள்வி. கேட்டதற்கு நன்றி சொல்கிறேன். அந்த உயிர்களை எடுத்துக்கொள்கிறோம் என்றால் அதிலிருந்து ஒரு பதிலாவது கிடைக்க வேண்டும் என்பதுதானே அதன் பொருள்? இப்போது பதிலும் இல்லை, எலிகளும் இல்லை. அதே கேள்விக்கு இன்னும் பதினாறு கேட்டு மறுபடி படிவம் எழுதிக்கொண்டிருக்கிறேன். தாளில் எண்ணிக்கையைக் குறைப்பதற்குக் காட்டும் அக்கறையை ஒரு சுவிட்சுக்கும் காட்டியிருந்தால் இந்தப் படிவமே தேவைப்பட்டிருக்காது.

அப்புறம் இன்னொன்று. இந்த விஷயத்தில் இதுவரை வந்த ஒரே நடவடிக்கை, கூண்டுகளைச் சுத்தம் செய்யும் அண்ணனுக்குக் கொடுத்த மெமோதான். அவர் ஒப்பந்தத் தொழிலாளி. வார இறுதியில் அவருக்குப் பணியே கிடையாது, சாவியும் அவரிடம் இல்லை. எலியைக் கையில் ஏந்தி எடுக்க எனக்குக் கற்றுக்கொடுத்தவரே அவர்தான். அந்தத் திங்கட்கிழமை என்னைவிட அதிகம் கலங்கி நின்றவரும் அவர்தான். இந்த வளாகத்தில் எது உடைந்தாலும் பழி ஏன் எப்போதும் குறைந்த சம்பளக்காரர் தலையிலேயே விழுகிறது? கூட்ட அறைக்கு இரண்டு இன்வெர்ட்டர் வாங்க முடிந்த நிர்வாகத்துக்கு ஆறாம் எண் அறைக்கு ஒன்று வாங்க மூன்று ஆண்டுகளாக நிதி வரவில்லை. எங்கள் உதவித்தொகை தாமதமாவதைப் பற்றி இந்த மடலில் எழுத வேண்டாம் என்றிருந்தேன். அதை வேறொரு நாள் பேசுவோம்.

கோபத்தில் கொஞ்சம் நீட்டிவிட்டேன், மன்னியுங்கள். பணிவாகவே கேட்கிறேன். தனி மின்சுற்று, இன்வெர்ட்டரோடு ஒரு டைமர், எங்களைக் கேட்காமல் திறக்காத கதவு. அந்த அண்ணனின் மெமோவையும் திரும்பப் பெறுங்கள். அனுமதி கிடைத்தால் அடுத்த மாதம் புதிய எலிகள் வரும். டைமர் பொருத்தி, ஒரு வாரம் ஓட்டிப் பார்க்கும்வரை அவற்றை அந்த அறைக்குள் கொண்டுபோக மாட்டேன். அதுவரை என் ஆய்வு நின்றாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
ஆறாம் எண் அறையின் ஆய்வு மாணவி